தோலும் காலும்: 1911 கால்பந்துப் பருவத்தை அரியலூரிலிருந்து வாசித்தல்

1

எங்க அப்பா ஊர்த்தெரு முனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். தெரு முடிகிற இடத்தில் கீழே போட்டு மாட்டிக்கொள்வார். அரியலூருக்குப் பக்கத்துக் கிராமம். கத்திரி வெயிலில் சுண்ணாம்புக்கல் மண் எப்படிக் கொதிக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். "ஏம்பா கழட்டுற?" என்று ஒருநாள் கேட்டேன். "சூடு ஒண்ணும் இல்லடா, வா" என்றார். நான் கேட்டது சூட்டைப் பற்றி இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அதே வயதில்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு கதை சொன்னார்கள். கல்கத்தாவில் நம் ஆட்கள் பதினோரு பேர் வெறுங்காலோடு இறங்கி, பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்தைக் கால்பந்தில் தோற்கடித்தார்கள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஏரிக்கரையில் பழைய துணியை உருட்டிக் கட்டிய பந்தை வெறுங்காலால் உதைத்தபோது நாங்களும் அந்தப் பதினோரு பேராக இருந்தோம்.

இரண்டு வெறுங்காலும் ஒன்றல்ல என்று உறைக்கப் பல வருஷம் ஆனது. ஒன்று தேசத்தின் கால். மற்றது என் அப்பாவின் கால். முதலாவதைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, சினிமா இருக்கிறது, ஆண்டுதோறும் கொண்டாட்டம் இருக்கிறது. இரண்டாவதற்கு ஒரு பிரதி கிடையாது. இக்கட்டுரை முதலாவதை இரண்டாவதிலிருந்து வாசித்துப் பார்க்கும் முயற்சி. நூற்றாண்டு தாண்டிய ஒரு வெற்றியைக் குறைத்துப் பேசுவது இதன் நோக்கமில்லை. அந்த வெற்றி எதையெல்லாம் பேசாமல் விட்டதோ அதைப் பேச வைப்பதுதான் நோக்கம்.

2

முதலில் கதை. ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டி 1893இல் தொடங்கியது. பட்டாள அணிகளும் வெள்ளைக்கார கிளப்புகளுமே அதை ஆண்டுகொண்டிருந்தன. 1889இல் தொடங்கப்பட்ட மோகன் பகான் கிளப் 1911 ஜூலையில் அந்தக் கேடயத்துக்காக ஆடியது. முதல் சுற்றில் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி அணியை 3-0 என்று வென்றது. அடுத்து ரேஞ்சர்ஸ், 2-1. அடுத்து ரைஃபிள் பிரிகேட், 1-0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமென்டோடு 1-1 என்று சமன். மறு ஆட்டத்தில் 3-0. ஜூலை 29ஆம் தேதி இறுதி ஆட்டம், எதிரே ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட். முதல் கோலைப் பட்டாளம் போட்டது. தலைவர் சிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். கடைசி நிமிஷங்களில் அபிலாஷ் கோஷ் அடித்த கோலில் 2-1.

அறுபதாயிரம் பேர் என்கிறார்கள், எண்பதாயிரம் என்கிறார்கள். மைதானம் தெரியாமல் பின்னால் நின்ற கூட்டத்துக்குக் காற்றாடி விட்டு கோல் கணக்கைத் தெரிவித்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 12ஆம் தேதி டில்லி தர்பாரில் வங்கப் பிரிவினை ரத்து என்றும், தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்றும் அறிவித்தான் ஐந்தாம் ஜார்ஜ். இரண்டு நிகழ்ச்சிகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்ததால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று பேசும் ஒரு மரபே உண்டாகிவிட்டது. பெருங்கதையாடல்கள் இப்படித்தான் கட்டப்படுகின்றன. பக்கத்தில் இருப்பதைக் காரணமாக்கினால் கதை ஓடும்.

இந்தக் கதையில் ஒரு வரி மட்டும் கிடைத்த அணி செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி. அவர்களுடைய கேடயப் பருவம் ஒரே ஆட்டத்தில் முடிந்தது. ஆனால் கல்லூரி என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போனால்தான் கதையின் அடிப்பக்கம் தெரிகிறது. மோகன் பகான் தன் முதல் ஆட்டத்தை ஆடியது பிரசிடென்சி கல்லூரி மாணவர்கள் தங்கிய ஈடன் இந்து ஹாஸ்டல் அணியோடு. ஸ்போர்ட்டிங் கிளப் என்றிருந்த பெயரை அத்லெட்டிக் கிளப் என்று மாற்றச் சொன்னவர் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரோ. ஆக, இந்தியக் கால்பந்து தெருவில் பிறந்த பிள்ளை இல்லை. கல்லூரி வாசலில் பிறந்த பிள்ளை. விடுதியின் பெயரிலேயே 'இந்து' என்று போட்டிருக்கிறது. அந்த இந்துவுக்குள் யாரெல்லாம் அடக்கம் என்பதுதான் கேள்வி.

3

இறுதி ஆட்டத்தில் ஆடியவர்களின் பெயர்களை உரக்கப் படித்துப் பாருங்கள். ஹீராலால் முகர்ஜி, பூட்டி சுகுல், சுதிர் சாட்டர்ஜி, மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா, கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், பிஜய்தாஸ் பாதுரி, சிப்தாஸ் பாதுரி. வங்காளப் பெயர்களைக் கொஞ்சம் அறிந்தவருக்கும் விஷயம் புரியும். முகர்ஜி, சாட்டர்ஜி, பட்டாச்சார்யா, பாதுரி எல்லாம் பிராமணப் பெயர்கள். பத்திரலோகம் என்று அவர்களே தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் இருக்கிறதே, அந்த உலகத்து ஆட்கள்தான் பெரும்பாலும்.

பதினோரு பேரில் ஒரே ஒருவர்தான் பூட்ஸ் போட்டிருந்தார். சுதிர் சாட்டர்ஜி. அவர் கிறிஸ்தவர், கல்லூரி ஆசிரியர். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். இந்த வெறுங்காலை நம் சரித்திரக்காரர்கள் எப்படி வாசிக்கிறார்கள்? ஏழை இந்தியா, எளிய இந்தியா, ஆயுதமில்லாத இந்தியா என்று. குறியீடு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் அந்தக் கால்கள் வீட்டுக்குப் போய்ச் செருப்பு மாட்டிக்கொள்ளும். ஆபீசுக்குப் பூட்ஸ் போட்டுக்கொண்டு போகும். மைதானத்தில் வெறுங்கால் என்பது பழக்கம், வசதி, ஒரு தேர்வு. கழற்றினால் மாட்டிக்கொள்ளும் உரிமை உள்ள கால் அது.

மாட்டிக்கொள்ளும் உரிமை இல்லாத கால் எப்படி இருக்கும் என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளைப் போட்டார்கள். மறு வருஷம் அது பதினொன்று ஆனது. 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றிய தன் நூலில் இரண்டு பட்டியலையும் கொடுத்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி கட்டக் கூடாது. சட்டை, பனியன், கோட்டு போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. இரண்டாவது பட்டியலில், பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. மிராசுதாரர்களின் மாடு மேய்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பாருங்கள். ஒரு கல்லூரிக் கால்பந்து ஆட்டக்காரனுக்கு என்னென்ன வேண்டும்? உடம்பில் ஒரு பனியன். காலில் பூட்ஸ், அல்லது அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை. கல்லூரியில் ஓர் இடம். மூன்றும் வரிசையாகத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. கால்பந்தை மனதில் வைத்து யாரும் அதை எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லை. விளையாடும் உடல் உருவாவதற்கு முன்பே அதை நிறுத்திவிடும் ஏற்பாடு அது.

ராமநாதபுரம் எங்க ஊர் இல்லைதான். பட்டியல் போட்டு எழுதி வைத்த ஊர் அது. எழுதாமலே நடத்திய ஊர்கள் மீதி. எங்க அப்பா எந்தப் பட்டியலையும் படித்ததில்லை. அவர் கால் படித்திருந்தது.

காலைப் பற்றி இன்னொன்று. புருஷனின் தலையில் ஒருவன், தோளில் ஒருவன், தொடையில் ஒருவன், காலில் சூத்திரன் பிறந்தான் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் எங்களுக்குக் கால்கூடக் கிடையாது. காலால் ஆடும் ஆட்டத்தைத் தலையில் பிறந்தவர்கள் எடுத்துக்கொண்டு தேசத்தின் ஆட்டம் ஆக்கினார்கள் என்றால், அந்த இடமாற்றம் எப்படி நடந்தது என்று கேட்க வேண்டாமா?

4

அங்கேதான் தோல் வருகிறது. பந்து தோலால் ஆனது. செத்த மாட்டின் தோல். அதைத் தொடுவது தீட்டு.

1891இல் ஸ்ரீநகர் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு டின்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார் ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்தார். மாணவர்கள் பெரும்பாலும் காஷ்மீரப் பிராமணப் பிள்ளைகள். என்ன பொருள் இது என்று கேட்டார்கள். தோல் என்று தெரிந்ததும் வேண்டாம், எடுத்துப்போங்கள் என்றார்கள். அவர் விடவில்லை. ஆசிரியர்களைக் கையில் குச்சியோடு வழி நெடுக நிறுத்திப் பையன்களை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஆட்டம் தொடங்கியது. பந்து ஒரு பையன் முகத்தில் அடித்தது. தீட்டுப் பட்டுவிட்டது என்று அவன் அலறினான். பக்கத்துக் கால்வாயில் போய்க் கழுவிக்கொண்டு வா என்றார். கழுவிக்கொண்டு வந்தான். ஆட்டம் தொடர்ந்தது. இதை அவரே பெருமையோடு எழுதிவைத்திருக்கிறார்.

இந்தக் காட்சியை நம்மில் சிலர் சாதி ஒழிப்புக் காட்சியாக வாசிப்பார்கள். சிலர் காலனியத்தின் வன்முறை என்று வாசிப்பார்கள். இரண்டும் பாதி. குச்சியோடு நின்ற ஆசிரியர் வரிசை ஃபூக்கோ சொன்ன பணிந்த உடலைத் தயாரிக்கும் பட்டறைதான், சந்தேகமில்லை. நேரத்துக்கு விசில், வரிசை, சீருடை, கட்டளை. பேரரசுக்கு நல்ல குமாஸ்தாவும் நல்ல சிப்பாயும் வேண்டும். அதற்கு மைதானம் நல்ல பயிற்சிக்கூடம். இதைச் சொல்லிவிட்டு நாம் நிறுத்திவிடக் கூடாது. கால்வாயைப் பாருங்கள். அந்தத் தண்ணீர் என்ன செய்தது? பையனிடமிருந்து தீட்டைக் கழுவியது. பந்து ஆடத் தக்க பொருளாயிற்று. அந்தப் பந்தைப் பதனிட்டு, வெட்டி, தைத்தவனின் கையைக் கழுவ எந்தக் கால்வாயும் இல்லை. தோல் தூய்மையாகிவிட்டது, தோல் வேலை செய்தவன் அங்கேயே நின்றான். பொருள் மேலே ஏறும். செய்தவன் ஏற முடியாது. நவீனத்துவம் நம் சாதியோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இதுதான்.

இந்த ஒப்பந்தம் தமிழ் வாசகனுக்குப் புதிது இல்லை. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இல்லாமல் அந்த வாத்தியம் இல்லை. வாசிப்பவர் மேடையில் நடுவில். தோலைத் தேர்ந்து, காயவைத்து, வார் இழுத்துக் கட்டிய தலித் கிறிஸ்தவக் குடும்பம் பச்சை அறைக்குப் பின்னால். டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்' என்ற புத்தகம் அந்தக் குடும்பங்களைத் தேடிப் போய் எழுதியது. பந்துக்கு அப்படி ஒரு புத்தகம் தமிழில் வரவில்லை. சியால்கோட்டும், பிரிவினைக்குப் பிறகு ஜலந்தரும் பந்து தைக்கும் ஊர்கள். சியால்கோட்டில் குழந்தைகள் பந்து தைப்பது 1990களில் உலகச் செய்தியானது, 1997இல் அட்லாண்டாவில் ஓர் ஒப்பந்தமும் போட்டார்கள். உலகம் அதைக் குழந்தை உழைப்பு என்ற தலைப்பில் படித்தது. எந்தச் சாதிக் குழந்தை என்ற கேள்வி அந்தத் தலைப்புக்குள் அடங்கவில்லை.

கல்கத்தாவிலேயே இந்தக் கேள்வி ஒருதரம் எழுந்திருக்கிறது. இந்தியக் கால்பந்தின் தந்தை என்று சொல்லப்படும் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி 1880களில் வெலிங்டன் கிளப்பை நடத்திக்கொண்டிருந்தார். மணி தாஸ் என்ற குயவர் வீட்டுப் பையனைச் சேர்க்கலாம் என்றார். மற்ற உறுப்பினர்கள் முடியாது என்றார்கள். அவர் கிளப்பையே கலைத்துவிட்டு சோவாபஜார் கிளப்பைத் தொடங்கி மணி தாஸை உறுப்பினர் ஆக்கினார். அந்த சோவாபஜார்தான் 1892இல் டிரேட்ஸ் கோப்பையில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்டை 2-1 என்று வென்றது. பட்டாளத்தை வென்ற கணக்கில் 1911க்குப் பத்தொன்பது வருஷம் முந்தைய வெற்றி. ஆனால் தேசத்தின் நாள் என்று நாம் கொண்டாடுவது ஜூலை 29. குயவர் வீட்டுப் பையனுக்காகக் கிளப்பைக் கலைத்த நாள் எது என்று ஒருவரும் கேட்பதில்லை. சாதியை உடைத்த கணத்தைவிட வெள்ளைக்காரனை உடைத்த கணம் நமக்கு வசதியானது. முன்னதைக் கொண்டாடினால் மறுநாள் நம் தெருவில் வேலை இருக்கும்.

5

1911இல் இன்னொரு பருவமும் நடந்துகொண்டிருந்தது. அதே கோடை, இங்கிலாந்தில். பாட்டியாலா மகாராஜா தலைமையில் போன இந்திய கிரிக்கெட் அணியில் பல்வாங்கர் பாலு என்ற இடக்கை பந்துவீச்சாளர் இருந்தார். தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்தவர். அந்தச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார்.

பாலு புனாவில் வெள்ளைக்காரர்களின் மைதானத்தில் கூட்டிப் பெருக்கி, ஆடுகளத்தைச் சமன்செய்யும் வேலையில் இருந்தவர். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வலைப்பயிற்சியில் பந்து போட்டுப் போட்டுத்தான் பந்துவீச்சாளரானார். புனா இந்துக்கள் வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அவரைத் தங்கள் அணியில் சேர்த்தார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, உடைத்து எறியும் மண் குவளையில் தேநீர். இத்தனை விக்கெட் எடுத்தவரை இந்துக்கள் அணி ஒருமுறைகூடத் தலைவர் ஆக்கவில்லை. 1920இல் அவரை அணியிலிருந்தே எடுத்தபோது தம்பிகள் விட்டலும் சிவ்ராமும் ஆட மறுத்து விலகினார்கள். 1923இல் விட்டல் தலைவரானார்.

இரண்டு பருவங்களையும் சேர்த்து வையுங்கள். கல்கத்தாவில் தோலைக் காலால் மட்டும் தொட்டவர்கள் தேசமானார்கள். இங்கிலாந்தில் தோலைக் கையில் பிடித்துச் சுழற்றியவர் சாதியாகவே இருந்தார். ஒரே வருஷம். ஒரே தேசம் என்கிறார்கள். பாலுவின் அரசியல் வேறு. பூனா ஒப்பந்தத்தின்போது அவரும் நம் சென்னை மாகாணத்து எம்.சி. ராஜாவும் காந்தியின் பக்கம் நின்றார்கள். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது, தோற்றார். அந்த அரசியலோடு நமக்குச் சண்டை உண்டு. ஆனால் மண் குவளையில் தேநீர் குடித்த ஒரு மனிதரை அந்தக் குவளையைக் கொடுத்தவர்களே வேட்பாளராக நிறுத்திப் பயன்படுத்தியதும் இந்தக் கதையின் பகுதிதான்.

6

சரி, இந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? 1911இல் பெரம்பலூரிலும் அரியலூரிலும் கல்லூரி கிடையாது. இரண்டும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் உள்பகுதிகள். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் பிரிந்து, திரும்பச் சேர்ந்து, கடைசியாகத் தனி மாவட்டமாக நின்றது 2007இல். அரியலூர் வழியாக ரயில் பாதை வந்ததே 1920களின் கடைசியில். பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் இன்றுவரை வரவில்லை. கல்லூரி என்றால் திருச்சிராப்பள்ளி. நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் அங்கே வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி. அதை நடத்தியவர்கள் சேசு சபையார், கல்கத்தா செயின்ட் சேவியர்ஸை நடத்திய அதே சபை. கல்கத்தாவின் கல்லூரி மைதானத்துக்கும் நம் ஜில்லாவுக்கும் இப்படி ஒரு நிறுவனத் தொடர்பு இருக்கத்தான் செய்தது. அந்த வாசலுக்குள் போனவர் யார்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1901 முதல் 1911 வரை பட்டம் பெற்றவர்களில் பிராமணர் 4,074 பேர். பிராமணரல்லாத இந்துக்கள் எல்லோரும் சேர்ந்து 1,035 பேர். மாகாண மக்கள்தொகையில் பிராமணர் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். 1916இல் பிராமணரல்லாதார் அறிக்கை வந்ததன் பின்னணி இது. அந்த 1,035க்குள் நிலம் வைத்திருந்த சாதிகளைத் தள்ளிவிட்டு மிச்சம் பார்த்தால் எங்கள் கை விரல் போதும். ஆக, ஒரு கல்லூரி அணியின் பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே தேர்வு முடிந்துவிட்டது. தேர்வாளர் சாதி.

எங்கள் மண்ணிலிருந்து கல்லூரி வரை போன ஒரு பாதை பதிவாகியிருக்கிறது. உ.வே. சாமிநாதையர் சிறுவயதில் அரியலூரிலும் குன்னத்திலும் காரையிலும் இருந்தவர். 'என் சரித்திரம்' இந்த ஊர்களையெல்லாம் சொல்கிறது. சங்கீதமும் கதாகாலட்சேபமும் செய்த தகப்பனாரோடு ஊர் ஊராகப் போன பையன், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவருடைய உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு, வறுமையும் உண்மை. ஆனால் ஒரு ஏழைப் பையன் எந்த ஊருக்குப் போனாலும் அவனுக்கு ஒரு வீட்டில் சாப்பாடும் ஒரு திண்ணையில் பாடமும் கிடைத்தன. எந்தத் தெருவிலும் அவன் நடக்கலாம். அதே வருஷங்களில், அதே குன்னத்தில், அதே அளவு ஏழையான இன்னொரு பையன் அந்தத் தெருவுக்குள் நுழைய முடியாது. வறுமை இருவருக்கும் பொது. தெரு பொது இல்லை.

7

இதையெல்லாம் சொன்னால் ஒரு பதில் உடனே வரும். பேசிப் பார்த்திருக்கிறேன். "எல்லாத்துலயும் சாதியத் தேடுறீங்க. பட்டாளத்துக்காரன ஜெயிச்சது தப்பா?" தப்பில்லை. அந்த ஜூலை 29ஆம் தேதி மைதானத்தில் நின்ற அறுபதாயிரம் பேரில் செருப்பில்லாதவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் கத்திய கத்தல் பொய்யில்லை. ஏரிக்கரையில் எனக்கு வந்த சிலிர்ப்பும் பொய்யில்லை. அதிகாரத்தை அதன் சொந்த ஆட்டத்தில் தோற்கடிப்பது சின்ன விஷயமில்லை. நான் கேட்பது, அந்தச் சிலிர்ப்பை எங்களிடமிருந்து வாங்கிக்கொண்ட தேசம் பதிலுக்கு என்ன கொடுத்தது என்பதுதான்.

சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் எழுதிய கிரிக்கெட் புத்தகம் இங்கே நமக்கு உதவும். டிரினிடாடில் கிளப்புகள் தோல் நிறத்தின் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. வெள்ளையருக்கு ஒன்று, மாநிறத்து நடுத்தர வர்க்கத்துக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. கறுப்பரான ஜேம்ஸ் படிப்பின் தகுதியில் மாநிறத்தவர் கிளப்பில் சேர்ந்தார். கறுப்பர் கிளப்பில் சேராதது தன் அரசியல் வளர்ச்சியைப் பல வருஷம் தாமதப்படுத்திவிட்டது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். காலனி எதிர்ப்புக்காக எழுதியவர், தன் பக்கத்துக்குள்ளேயே இருந்த படிக்கட்டை மறைக்கவில்லை. வெளியில் இருக்கும் எதிரியைப் பற்றி எழுதும் அதே பேனாவால் உள்ளே இருக்கும் படிக்கட்டைப் பற்றியும் எழுத முடியும் என்பதற்கு அவர் சாட்சி. நம் கால்பந்துச் சரித்திரத்துக்கு அப்படி ஒரு ஒப்புதல் வாக்குமூலம் வரவில்லை.

வேறொரு உதாரணமும் பாருங்கள். 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து கல்கத்தா லீகை வென்ற அணி முகமதன் ஸ்போர்ட்டிங். மோகன் பகான் அதுவரை தொடாத லீக் பட்டம் அது. மழைச் சேற்றில் பூட்ஸ் போட்டு ஆடினார்கள். பதினோரு பத்திரலோகர் ஜெயித்தபோது தேசம் ஜெயித்தது. முஸ்லிம்கள் ஐந்து வருஷம் ஜெயித்தபோது ஒரு சமூகம் ஜெயித்தது. யார் தேசமாக ஆகலாம், யார் சமூகமாகவே இருக்க வேண்டும் என்பதை கோல் கணக்கு முடிவு செய்வதில்லை.

8

இப்போதைக்கு வருவோம். 1911ஐப் பற்றி வங்காளத்தில் 2011இல் 'எகாரோ' என்று படம் வந்தது. நாகேந்திர பிரசாத்தைப் பற்றி 2021இல் 'கோலந்தாஜ்'. தமிழில் 2024இல் வந்த 'ப்ளூ ஸ்டார்' அரக்கோணத்து இரண்டு தெருக்களின் கிரிக்கெட்டை வைத்து, மைதானத்தில் சாதி எங்கே நிற்கிறது என்று நேராகவே காட்டியது. படம் பார்த்துவிட்டு வெளியே வந்த எங்க பக்கத்துப் பையன் ஒருத்தன், "அண்ணே, நம்ம ஊர்ல பொங்கலுக்கு ஊர்த்தெருவுக்கு ஒரு போட்டி, காலனிக்கு ஒரு போட்டின்னு தனித்தனியா நடக்குதே, இதை எவன் படம் எடுப்பான்?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

பெரம்பலூர் மாவட்டத்தில் பத்துக்கு மூன்று பேர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 சென்சஸ். எங்கள் பையன்களுக்குக் கால் இல்லாமல் இல்லை. அரியலூரிலிருந்து போன கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய ஹாக்கி அணிக்கு ஆடினார். அதற்கு அவர் கோவில்பட்டி விடுதிக்குப் போய்ப் பயில வேண்டியிருந்தது. நூறு வருஷத்துக்கு முன்பு திருச்சிராப்பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது போல. அன்றைக்கு வாசல் மூடியிருந்தது. இன்றைக்குத் தூரத்தில் இருக்கிறது.

எல்லா வாசலும் திறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 எடுத்தார். நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். மருத்துவக் கல்லூரி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டு 2017 செப்டம்பர் 1ஆம் தேதி இறந்துபோனார். இப்போது அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே போக முடியாதவரின் பெயர் உள்ளே இருக்கிறது. கல்லூரி அணி, கல்லூரிப் பருவம் என்று பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்த வாசல்தான் நினைவுக்கு வருகிறது. ஆட்டம் அங்கே தொடங்குகிறது. பலருக்கு அங்கேயே முடிந்தும் போகிறது.

எழுதுகிற நண்பர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. விளையாட்டுச் சரித்திரத்தைக் கோல் கணக்காக எழுதுவதை நிறுத்துவோம். ஒவ்வொரு பருவத்துக்கும் நாலு கேள்வி போட்டுப் பார்ப்போம். யார் களத்தில் இறங்கினார்? மைதானத்தைக் கூட்டியது யார்? பந்தைத் தைத்தது யார்? ஆட்டம் முடிந்ததும் யாருக்கு எந்தக் குவளையில் தண்ணீர் கொடுத்தார்கள்? கல்கத்தாவுக்கும் புனாவுக்கும் போக வேண்டாம். நம் ஊர் ஏரிக்கரையில், பொட்டலில், காலனிக்குப் பின்னால் இருக்கும் தரிசில் ஆடியவர்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதலாம். தோற்ற ஆட்டத்தையும் சேர்த்து எழுதலாம். ஆட விடாமல் போன ஆட்டத்தையும்.

எங்க அப்பா இப்போது இல்லை. கடைசிக் காலத்தில் செருப்பைக் கழற்றாமலே அந்தத் தெருவில் நடந்தார். அதற்கு யாரும் காற்றாடி விடவில்லை.